சிப்பியின் ஓட்டை மூடும் இரு தசைகள்

கடற்கரைக் கிராமங்களில் சிப்பி எடுத்து விற்போரும், கழிமுகங்களில் சிப்பி வளர்ப்போரும் அன்றாடம் காணும் செய்தி ஒன்று உண்டு. தண்ணீரை விட்டு எடுத்த பின்னும் உயிருள்ள சிப்பி பல மணி நேரம் ஓட்டை இறுக மூடிக் கிடக்கும். கையால் பிளக்க முயன்றால் நகந்தான் பெயரும். இறந்த சிப்பியோ தானாகவே வாய் பிளந்துவிடும். இதன் காரணத்தை அறிந்து கொண்டால், அறுவடைக்குப் பின் ஏற்படும் இழப்பைக் குறைக்கலாம். கெட்ட சிப்பி உணவில் சேராமலும் தடுக்கலாம்.

திறப்பது கீல், மூடுவது தசை

சிப்பியின் இரு ஓடுகளும் ஒரு முனையில் கீல் போல இணைந்துள்ளன. அங்குள்ள மீள்தன்மை வாய்ந்த நார், அமுக்கி வைத்த ரப்பரைப் போல ஓடுகளை எப்போதும் திறந்து தள்ளிக் கொண்டேயிருக்கும். அதை எதிர்த்து ஓட்டை மூடி வைப்பது நடுவிலுள்ள மூடுதசை. தசை செயலிழந்தால் ஓடு திறந்து கொள்ளும்.

சிப்பியை அறுத்து மூடுதசையை உற்றுப் பாருங்கள். ஒரு பகுதி கண்ணாடி போல மங்கலாகவும், மற்றொரு பகுதி பால் வெண்மையாகவும் இருக்கும். முதலாவது விரைவுத் தசை. பகை தீண்டினால் சட்டென்று ஓட்டை மூடுவதும், உள்ளே சேர்ந்த வண்டலை வெளியே தள்ள ஓட்டைப் படபடவென்று அடிப்பதும் இதன் வேலை. ஆனால் இது விரைவில் களைத்துவிடும். இரண்டாவது மெதுவான தசை. இது மெல்லச் சுருங்கும். சுருங்கியபின் நெடுநேரம் விடாது பிடித்திருக்கும்.

புரதங்களில் உள்ள வேறுபாடு

எல்லாத் தசைகளிலும் மையோசின், ஆக்டின் என்னும் இரு புரதங்கள் இழைகளாக அமைந்துள்ளன. மையோசின் இழை ஆக்டின் இழையைக் கயிறு இழுப்பது போலப் பற்றி இழுப்பதால் தசை சுருங்குகிறது. ஒவ்வோர் இழுப்புக்கும் ஏ.டி.பி. என்னும் எரிபொருள் செலவாகும். நம் தசையில் கால்சியம் சென்று சேர்வது ஆக்டின் இழையின் மீதுள்ள ட்ரோபோனின் என்ற புரதத்தில். சிப்பி இனங்களிலோ கால்சியம் மையோசினிலேயே சேர்ந்து இழுப்பைத் தொடங்கி வைக்கிறது.

விரைவுத் தசையின் மையோசின் எரிபொருளை வேகமாக எரிக்கும். மெதுவான தசையின் மையோசின் நிதானமாக எரிக்கும். விசிறி போன்ற ஓடுடைய ஸ்காலப் சிப்பியில் இவ்விரு மையோசின்களும் ஒரே மரபணுவிலிருந்து வருகின்றன என்று 1994இல் கண்டறியப்பட்டது. ஒரே நெல்லைக் குத்திப் பச்சரிசியும், அவித்துக் குத்திப் புழுங்கலரிசியும் எடுப்பது போல, ஒரே மரபணுச் செய்தியைச் செல் இரு வகையாக வெட்டி ஒட்டி இரு புரதங்களை உண்டாக்குகிறது.

மெதுவான தசையில் பாராமையோசின் என்ற புரதமும் மிகுந்துள்ளது. இது மையோசின் இழையின் உள்தண்டாக அமைந்து, இழையைத் தடிப்பாகவும் நீளமாகவும் ஆக்குகிறது. அதனால் பெரும் இழுவிசையைத் தாங்க முடிகிறது.

தாழ்ப்பாள் போட்ட நிலை

கதவைக் கையால் தள்ளிப் பிடித்திருந்தால் கை வலிக்கும். தாழ்ப்பாள் போட்டுவிட்டால் வலியில்லை. மெதுவான தசை செய்வதும் இதுவே. நரம்பிலிருந்து அசிட்டைல்கோலின் வந்ததும் கால்சியம் பெருகித் தசை சுருங்குகிறது. பிறகு கால்சியம் குறைந்தாலும் பிடி தளர்வதில்லை. எரிபொருள் செலவோ மிகச் சொற்பம். செரோடோனின் என்ற பொருள் வந்த பின்னரே பிடி விடும். அப்போது ட்விச்சின் என்னும் புரதத்தில் பாஸ்பேட் சேர்கிறது. அதுவே தாழ்ப்பாளைத் திறக்கும் செயல் என்பது 1998இல் தெரிய வந்தது.

நடைமுறைக் குறிப்புகள்

1. வாய் திறந்த சிப்பியைத் தட்டிப் பாருங்கள். மூடிக் கொண்டால் உயிருள்ளது. மூடாவிட்டால் கழித்துவிட வேண்டும்.

2. சிப்பிகளை அடிக்கடி கொட்டிக் கிளறக் கூடாது. ஒவ்வோர் அதிர்ச்சிக்கும் விரைவுத் தசை உழைத்துச் சேமிப்பை இழக்கும்.

3. குழிந்த ஓடு அடிப்பக்கம் இருக்குமாறு அடுக்கி, ஈரச் சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். உள்ளிருக்கும் நீர் வடியாது. நல்ல தண்ணீரில் ஊறப் போடுவது தவறு.

4. ஓட்டை நெம்பி உடைப்பதைவிட, கத்தியை ஓட்டின் உட்புறத்தை ஒட்டிச் செலுத்தி மூடுதசையை அறுத்தால் ஓடு எளிதில் திறக்கும்; சதையும் சிதையாது.

5. மூடிய ஓடு உயிருக்கு அடையாளமே தவிர, தூய்மைக்கு அடையாளமன்று. சிப்பி நீரை வடிகட்டி உண்பதால், சாக்கடை கலந்த நீரிலுள்ள நோய்க்கிருமிகள் அதன் உடலில் சேரும். அத்தகைய இடத்துச் சிப்பியை எடுக்காதீர்கள். நல்ல இடத்துச் சிப்பியையும் நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

சந்தைக்குப் புறப்படும் முன் கூடையை ஒருமுறை தட்டிப் பார்த்து, வாய் பிளந்தவற்றைக் கழித்துவிடுங்கள். ஒரு செத்த சிப்பியின் நாற்றம் கூடை முழுவதன் விலையையும் குறைத்துவிடும்.