எழுத்துக்கு ஒரு தகடு

அச்சுக்குப் போகும் முன் – 7

சித்தூர் மாவட்டம் உருவானது 1911-இல். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரியும் புத்தூரும் குப்பமும் ஆந்திரத்திலேயே இருந்துவிட்டன, சத்தியவேடு இங்கிருந்து அங்கே போயிற்று. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு இத்தனை முறை நகர்ந்தும், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் அப்படியேதான் இருக்கின்றன. அவர்களுடைய கல்யாணப் பத்திரிகையில் இரண்டு எழுத்தும் வேண்டும். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 'சப்தகிரி' மாத இதழோ தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம், சமஸ்கிருதம் என ஆறு மொழிகளில் வருகிறது. படமும் அமைப்பும் ஒன்றாக இருக்க மொழி மட்டும் மாறும் வேலை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட வேலையில் காசைக் கரைக்கும் தவறு எதுவென்று கேட்டால், போன வாரம் பார்த்த பிளீட் தவறைக்கூட, அதாவது வெட்டு ஓரத்துக்கு வெளியே வண்ணம் விடாததைக்கூட, நான் இரண்டாவதாகத்தான் சொல்வேன். முதல் தவறு, எழுத்தைப் படத்தோடு கலந்துவிடுவது.

ஆஃப்செட்டில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வண்ணத்துக்கு ஒரு தகடு. 12 தாள் கொண்ட ஒரு காலண்டரை ஆறு மொழிகளில் அடிப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். தாளுக்கு நான்கு தகடு வீதம் ஒரு மொழிக்கு 48. ஆறு மொழிக்கும் தனித்தனியாகப் போட்டால் 288. ஆனால் எழுத்து முழுவதும் கறுப்புத் தகட்டில் மட்டும் இருந்தால், மற்ற மூன்று வண்ணங்களின் 36 தகடுகள் எல்லா மொழிக்கும் பொது. மொழிக்கு 12 கறுப்புத் தகடு வீதம் 72 போதும். மொத்தம் 108. மிச்சம் 180 தகடுகளின் விலை மட்டுமல்ல. தகடு மாற்றும்போதெல்லாம் மிஷினை நிறுத்தி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று ரிஜிஸ்டர் பார்த்து, வேஸ்ட் தாள் ஓட்டும் செலவும் சேர்ந்து மிச்சமாகிறது. இந்த மிச்சம் அச்சகத்தில் பிறப்பதில்லை. ஃபைல் போடுகிறவர் எழுத்துக்கு எந்த நிறம் கொடுத்தார் என்பதில் இருக்கிறது. போட்டோஷாப்பில் திரைக்கான வண்ணத்தில் ஒரு கறுப்பை எடுத்து எழுதிவிட்டு, அப்படியே அச்சு வண்ணத்துக்கு மாற்றினால், அதன் பழைய இயல்பு அமைப்பில் அந்தக் கறுப்பு 75, 68, 67, 90 என்று நான்கு மைகளாகப் பிரியும். திரையில் கறுப்பு கறுப்பாகவே தெரியும். ஆனால் அந்த எழுத்து இப்போது நான்கு தகட்டிலும் ஏறியிருக்கிறது. 108 என்ற கணக்கு அங்கேயே போயிற்று.

எழுத்துக்கு வெறும் கறுப்பையே கொடுத்தவர்களும் தப்பாத ஒரு குழி உண்டு. மஞ்சள் பின்னணியின் மேல் கறுப்பு எழுத்து வரும்போது மென்பொருள் இரண்டில் ஒன்றைச் செய்யும்: மஞ்சளின் மேலேயே கறுப்பை அடிக்கும், அல்லது மஞ்சளில் எழுத்தின் உருவத்தில் ஓட்டை போட்டு அந்த ஓட்டைக்குள் கறுப்பை அடிக்கும். முதலாவதுதான் ஓவர்பிரிண்ட். இன்டிசைனில் அதோடு வரும் 'பிளாக்' நிறத்தை 100 சதவீதத்தில் வைத்தால் ஓவர்பிரிண்ட் தானாக நடக்கும். அதே அளவில் நாமே ஒரு கறுப்பை உருவாக்கி வைத்தால் நடக்காது. இரண்டும் திரையில் அண்ணன் தம்பி போல இருக்கும். பொதுத் தகடுகளைத் தெலுங்கு ஃபைலிலிருந்து எடுத்திருந்தால், தெலுங்குப் பதிப்பில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் ஓட்டையும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திவிடும். தமிழுக்காகக் கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றியதும் வினை தொடங்கும். மஞ்சள் தரையில் தெலுங்கு வரிகள் வெள்ளை நிழலாக நிற்க, அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தமிழ் ஓடும்.

எழுத்தைத் தனியாக வைப்பதற்கு டிடிபி தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் மறுப்பு நியாயமானது. தெலுங்குக்கு அனு, தமிழுக்கு ஸ்ரீலிபி, பாமினி என்று ஃபாண்ட் குடும்பங்கள் வேறு வேறு. அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்தால் முகூர்த்த நேரம் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறது. யூனிகோடுக்குப் போனாலும், இந்திய மொழிகளுக்கான வரி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. எனவே மொத்தத்தையும் ஒரே ஜேபெக் ஆக்கிவிடுவதே பத்திரம் என்கிறார்கள். பயம் சரி, பரிகாரம் தவறு. எழுத்தை உறைய வைக்கப் படமாக்க வேண்டியதில்லை. கர்வ், அதாவது கோட்டு வடிவம், ஆக்கினால் போதும், ஃபாண்ட் இல்லாமலேயே வடிவம் நிற்கும், நிறமும் தனிக் கறுப்பாகவே இருக்கும். கர்வ் ஆக்கிய பிறகு பிழை திருத்த முடியாது என்பது உண்மைதான். அதனால் எழுத்தாகவே உள்ள மூல ஃபைலைத் தனியே வைத்துக்கொண்டு, கர்வ் ஆக்கிய பிரதியிலிருந்து எடுத்த ப்ரூஃபை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

படமாக்கினால் வேறொன்றும் கெடுகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி உள்ள படத்தில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.085 மில்லிமீட்டர். 2400 புள்ளியில் தகடு எடுக்கும் இயந்திரம் கோட்டெழுத்தை 0.01 மில்லிமீட்டர் நுணுக்கத்தில் வரையும். தெலுங்கில் செல்வத்தைக் குறிக்கும் 'தனம்' என்ற சொல்லின் முதல் எழுத்தை மெல்லிய ஒலியுள்ள எழுத்திலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் அடியில் உள்ள ஒரு சிறு கோடுதான். தமிழில் மெய்யையும் அகரமேறிய மெய்யையும் பிரிப்பது ஒரு புள்ளி. எட்டுப் பாயிண்ட் எழுத்தில் இந்தக் கோடும் புள்ளியும் ஒரு மயிரிழை. நான்கு வண்ணத்தில் அடித்து ரிஜிஸ்டர் இம்மி விலகினால் அவற்றின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். அந்த ஜேபெக்கையும் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் வழியில் அது இன்னும் சுருங்கும்.

இன்னொரு மறுப்பு, தனிக் கறுப்பு வெளிறிப்போகும் என்பது. அகலமான பரப்புக்கு இது முழுக்க உண்மை. வேங்கடவன் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: கரிய திருமேனி, அதன் மேல் பொன் நகை, நடுவில் வெண்ணாமம். அந்தக் கருமையின் ஆழம் நான்கு மையும் சேராமல் வராது. அங்கேயும் நான்கையும் நூறு நூறு என்று 400 வரை ஏற்றினால் தாள் காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். ஆர்ட் தாளில் 300-ஐ ஒட்டி நிறுத்துவது வழக்கம். ஆனால் படத்துக்குச் சரியான மருந்தைத் தேதி எண்களுக்கும் கொடுக்க வேண்டுமா? மெல்லிய எழுத்தில் கண் தேடுவது ஓரத்தின் கூர்மையை. அதைத் தனிக் கறுப்புதான் தரும். பெரிய தலைப்பு எழுத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம், ஒரே மொழிப் பதிப்பாக இருந்தால்.

சிவப்பில் வெள்ளை எழுத்து வேண்டுமென்று கேட்கும் வாடிக்கையாளர்தான் உண்மையான சிக்கல். இந்த நான்கு வண்ண அச்சில் வெள்ளை என்று ஒரு மை கிடையாது. மற்ற மைகளில் விட்ட இடமே வெள்ளை. மொழி மாறினால் அந்த இடமும் மாறும், தகடுகளும் மாறும். எழுத்து வரும் இடத்தில் வெளிர்மஞ்சள் பட்டை ஒன்றைப் போட்டு அதில் கறுப்பை அடிக்கச் சொல்லிப் பார்க்கலாம். ஒப்பவில்லையென்றால் கூடுதல் தகட்டுக்கான தொகையை எஸ்டிமேட்டிலேயே எழுதிவிடுவது நல்லது.

இருநூறு பத்திரிகையை டிஜிட்டல் மிஷினில் அடிப்பவருக்குத் தகடே இல்லையே என்றால், ஆம், அவருக்கு இந்த 108 கணக்கு பொருந்தாது. அவருக்கும் எழுத்து தனியாக இருப்பது ஒரு விஷயத்தில் உதவும். தெலுங்குக் கார்த்திக மாசம் சாந்திரமானம். தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் பிறக்கும். தமிழ்க் கார்த்திகை சௌரமானம். நவம்பர் பாதியில் பிறக்கும். தெலுங்குப் பக்கத்தைத் தமிழில் மாற்றும் அவசரத்தில் அதே மாதப் பெயரை அப்படியே வைத்துவிட்டால், ஐப்பசி முகூர்த்தம் கார்த்திகைக்குப் போய்விடும். கடைசி ப்ரூஃபில் பெண்ணின் தாய்மாமன் அதைக் கண்டுபிடிக்கும்போது, எழுத்து எழுத்தாகவே இருந்தால் ஒரு சொல்லை மாற்றினால் முடிந்தது. ஆஃப்செட்டாக இருந்தால் ஒரு தகடு போகும். ஜேபெக்காக இருந்தால் பின்னணிப் பூவேலையோடு எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும்.

சோதிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். பிடிஎஃப்பை அக்ரோபாட்டில் திறந்து, அவுட்புட் ப்ரிவியூவில் கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். பெருமாளும் பூமாலையும் கறுப்பு போனதால் கொஞ்சம் சோகையாக நிற்பார்கள். பக்கத்தில் ஓர் எழுத்துகூட, எழுத்தின் ஓட்டைகூட, தெரியக் கூடாது.