பாட்டு செய்யும் வேலை

பரமத்தி வேலூரில் விற்பனைக்கு வரும் வெற்றிலைக்கு ஒரு கணக்கு உண்டு. 100 வெற்றிலை ஒரு கவுளி. 104 கவுளி ஒரு சுமை. அகத்தியில் ஏறிய கொடியிலிருந்து இலையைக் கிள்ளி, காம்பு பார்த்து அடுக்கி, எண்ணிக் கட்டும் இந்த வேலை கையையும் கண்ணையும் முழுதாகக் கேட்கும். காதை மட்டும் விட்டுவைக்கும். அந்தக் காதுக்குத்தான் முதலில் டிரான்சிஸ்டர் வந்தது, அப்புறம் டேப் ரிக்கார்டர், இப்போது செல்போன். இப்படி உழைக்கிற ஊரில் யாரிடமாவது பிடித்த பாட்டு எது என்று கேட்டால், பாட்டின் பெயரோடு பதில் நிற்பதில்லை. அம்மா முணுமுணுத்தது, அக்கா கல்யாணத்தில் ரேடியோ செட்காரர் போட்டது, நாமக்கல் பஸ்ஸில் தினமும் ஓடியது என்று ஓர் ஆளோ இடமோ கூடவே வந்துவிடும். இதைத் தற்செயலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பாட்டு மனிதர்களுக்கு நடுவே ஏதோ ஒரு வேலையைச் செய்து கொடுத்திருந்தால்தான் அது நெஞ்சில் இடம் பிடிக்கிறது. மெட்டும் குரலும் சொல்லும் அந்த வேலைக்கு வேண்டிய பலத்தைத் தருகின்றன.

மோட்டார் வருவதற்கு முந்தைய கிணற்றடியைப் பார்த்தால் இது வெளிப்படையாகத் தெரியும். ஏற்றப்பாட்டில் எண்ணிக்கை பாட்டுக்குள்ளேயே வரும். எத்தனையாவது சால் என்பதைப் பாடுகிறவர் வரியிலேயே வைத்துப் பாடுவார். வயலில் மடை திறந்துவிடுகிறவருக்கும் அது கேட்கும். பொழுது விடியுமுன் தொடங்கும் வேலையில் களைப்பை மறக்கடிப்பதும், கணக்கைத் தப்பவிடாமல் காப்பதும் அதே பாட்டுதான். ஈரோட்டுப் பக்கம் 1908-இல் பிறந்த பெரியசாமித் தூரன் கலைக்களஞ்சியம் போன்ற பெரும் பணிக்குத் தலைமை ஏற்றவர். அவரே கொங்கு நாட்டு மக்கள் வாயில் இருந்த பாட்டுகளைத் தேடித் தொகுத்து ‘காற்றில் வந்த கவிதை’ என்று நூலாக்கினார். எழுதினவர் பெயர் இல்லாத, மேடை ஏறாத பாட்டுகள் அவை. கிணற்றில் மோட்டார் இறங்கியதும் ஏற்றப்பாட்டு ஓய்ந்தது. அதன் அழகு குறைந்துபோய் அது ஓயவில்லை. செய்வதற்கு வேலை இல்லாமல் போனதால் ஓய்ந்தது.

பரமத்தி வேலூருக்குக் கீழே காவிரியின் அதே கரையில் இருக்கிறது மோகனூர். 1888-இல் அங்கே பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளையைத்தான் நாமக்கல் கவிஞர் என்று தமிழ்நாடு அறியும். ‘மலைக்கள்ளன்’ நாவலை எழுதியவர், ஓவியர், 1949-இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர். இத்தனை இருந்தும் அவர் பெயரைச் சொன்னதும் ஊருக்கு நினைவு வருவது 1930-இன் நடைப்பாட்டுதான். அந்த ஆண்டு ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கிளம்பினார்கள். வழியில் சோறும் தங்க இடமும் கொடுக்கிறவர்களுக்குச் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். சித்திரை வெயிலில் பதினைந்து நாள் நடை; அடுத்த ஊரில் யார் கதவைத் திறப்பார்கள் என்று தெரியாது. அப்படிப் போகிற கூட்டத்துக்கு என்ன மாதிரி பாட்டு வேண்டும்? மூச்சு வாங்காமல் பாடும்படி சின்னச் சின்னச் சொல், காலடிக்கு ஒத்த தாளம், கேட்டதும் திருப்பிப் பாடக்கூடிய எளிமை, ஆயுதம் இல்லாத போர் இது என்று கரையில் நிற்பவனுக்கும் புரியும் பொருள். கவிஞர் அந்தக் கணக்கை அறிந்து எழுதினார். இலக்கியமாக அவருடைய மற்ற கவிதைகளை அதற்கு மேலே வைப்பவர்கள் வைக்கலாம். ஆனால் நூறு பேரைச் சேர்ந்து நடக்க வைத்தது இந்தப் பாட்டு. மக்கள் மறக்காததற்கு அது போதும்.

அண்ணன்மார் கதை இன்னொரு வகை வேலை செய்கிறது. பொன்னர், சங்கர், தங்காள் கதையை உடுக்கையடித்து இரவிரவாகப் பாடும்போது, கேட்க உட்கார்ந்திருப்பவர்களில் முடிவு தெரியாதவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். தெரிந்த கதையை விடியவிடியக் கேட்பானேன்? கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் 1960-களில் கொங்கு நாட்டில் தங்கி இதே கதையை முழுதாக ஒலிப்பதிவு செய்து, பிறகு புத்தகமே எழுதினார். அந்தப் பதிவு நமக்குப் பெரிய செல்வம். ஆனாலும் மணப்பாறைக்குப் பக்கத்து வீரப்பூரில் மாசித் திருவிழாவில் படுகளம் விழும்போது நடப்பதை எந்த நாடாவும் பிடித்துவிடாது. மாண்ட வீரர்களுக்காகக் கூட்டம் அழுகிறது, அருள் வந்து ஆட்கள் சாய்கிறார்கள், அவர்கள் எழுப்பப்படும்வரை யாரும் கலைவதில்லை. தங்கள் குலத்துக்காக மாண்டவர்கள் என்று நம்புகிறவர்களுக்கு ஆண்டுதோறும் துக்கம் காக்கும் வேலையைப் பாட்டு அங்கே செய்கிறது. ஒப்பாரியும் இந்த இனம்தான். அதைப் பிடித்த பாட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் அது இல்லாத சாவு வீட்டைப் பார்த்துப் பெரியவர்கள் பதறுவார்கள்.

இதெல்லாம் பழங்காலம், சினிமாப் பாட்டு தனி மனித ரசனைதானே என்று கேட்கலாம். 1952-இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பிறகு அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியது. 1957 அக்டோபர் 3-இல் விவித்பாரதி தொடங்கும்வரை, ஏன் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், தமிழ்நாட்டு வீடுகளில் பாட்டு என்றால் இலங்கை வானொலிதான். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் அளவுக்குப் பழக்கம். அங்கே நேயர் விருப்பத்துக்குக் கடல் தாண்டிக் கடிதம் எழுதினார்கள். புகழ்பெற்ற பாட்டு எப்படியும் வாரத்தில் நாலு தடவை ஒலிபரப்பாகும்; டூரிங் டாக்கீஸிலும் கேட்கலாம். பிறகு எதற்குத் தபால் செலவு? பாட்டுக்கு முன்னால் தன் பெயரும் தம்பி தங்கை பெயரும் ஊர்ப் பெயரும் வாசிக்கப்பட வேண்டும். அந்த ஒரு நிமிடம் தெருவே கேட்கும். பாட்டு அன்றைக்கு உறவை ஊரறியச் சொல்லும் வேலையைச் செய்தது. தனிமனித ரசனை என்று நாம் எண்ணும் இடத்திலும் குடும்பம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பதின்வயதிலும் இருபதுகளிலும் கேட்டது மனத்தில் ஆழப் பதியும், பிடித்த பாட்டு என்பது தொலைந்த இளமை மீது வைத்த ஆசைதான் என்று உளவியல் பக்கமிருந்து சொல்வார்கள். உண்மை இருக்கிறது. ஆனால் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்ஸல், ஜஸ்டின் ஸுப்னிக்குடன் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு 1955 முதல் 2009 வரை புகழ்பெற்ற பாட்டுகளைப் போட்டுக்காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டுகளோடு, பெற்றோர் இளமையாக இருந்த காலத்துப் பாட்டுகளிலும் அவர்களுக்கு நெருக்கம் கூடியிருந்தது. தாங்கள் பிறக்குமுன் வந்த பாட்டில் எவருக்கும் தொலைந்த இளமை இருக்க முடியாது. வீட்டில் ஒலித்ததால், அப்பா அம்மாவின் முகம் மலர்ந்ததைக் கண்டதால் வந்த நெருக்கம் என்றுதான் கொள்ள வேண்டும். நம் வீடுகளில் டி.எம்.எஸ்., சுசீலா குரலுக்குச் செவிசாய்க்கும் கல்லூரிப் பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

அப்படியானால் இசையின் தரத்துக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, ஏராளமாக. 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது இளையராஜாவின் மேதைமைதான் நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் அந்தப் படத்தின் மெட்டுகளில் தாலாட்டையும் நடவுப் பாட்டையும் கேட்டுப் பழகிய காது, அவற்றைப் புதியவை என்று தள்ளாமல் உள்ளே அழைத்துக்கொண்டது. திறமையான பாட்டு மதிப்பைப் பெறும். பாசத்தைப் பெற அது யாருடைய வாழ்க்கைக்குள்ளாவது புழங்க வேண்டும். சுமாரான பாட்டு ஒன்றைக் கேட்டு ஒருவர் கண் கலங்கினால் அவருடைய ரசனையைக் குறைசொல்வது தவறு.

செல்போனும் காதுக்குள் செருகும் இயர்போனும் பாட்டைத் தனியறைக்குள் கொண்டுபோய்விட்டன என்ற கவலையைப் பாதிதான் ஏற்கிறேன். நாமக்கல் லாரி ஓட்டுநர் வடநாட்டு நெடுஞ்சாலையில் நள்ளிரவில் பென் டிரைவைச் செருகும்போது, பாட்டு அவரைத் தூங்கவிடாமல் காக்கிறது, ஊரை வண்டிக்குள் கொண்டுவருகிறது. வேலை மாறியிருக்கிறது, இல்லாமல் போகவில்லை. எனக்கு வருத்தம் வேறிடத்தில்: வேலைக்கென்று பிறந்த பாட்டை வேலையிலிருந்து பிரித்துவைக்கும் இடத்தில். நாமக்கல் கவிஞரின் நடைப்பாட்டு வகுப்பறைக்கு வரும்போது மனப்பாடப் பகுதி ஆகிவிடுகிறது. கைகட்டி நின்று ஒப்பித்து மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு, அது காலுக்காக எழுதப்பட்டது என்று எப்படித் தெரியும்? வேலூர், மோகனூர்ப் பள்ளிகளாவது ஏப்ரல் மாதத்தில் ஒரு காலைப் பொழுது பிள்ளைகளை ஆற்றங்கரைச் சாலையில் வரிசையாக நடக்கவிட்டு, நடையோடு அதைப் பாடச் சொல்லலாம்.