செயினில் கசியும் சிவப்பு

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே எந்த ஊடுவழியில் திரும்பினாலும் செம்மண். இடவப்பாதி மழையும் துலாமழையும் அதைக் கரைத்து ஆண்டுக்கு இருமுறை பைக் செயினில் அப்பிவிடும். செயின் சிவந்திருந்தால் இங்கே யாரும் பதறுவதில்லை, துடைத்துவிட்டுப் போகிறோம். அந்தச் சிவப்பில் ஒரு பங்கு செயினுக்குள்ளிருந்தே கசிகிறது என்பது எனக்குத் தெரிந்தபோது வியப்பாக இருந்தது.

1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் ஓடுகிறது. மூட்டுக்கு ஒரு சிறு எஃகு ஆணி, அதைச் சுற்றி புஷ், அதன்மேல் ரோலர். பல்சக்கரத்தைத் தொடுவது ரோலர். இழுவையைத் தாங்கியபடி திரும்புவதோ உள்ளே மறைந்திருக்கும் ஆணி. முன், பின் பல்சக்கரங்கள் இரண்டிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் மூட்டு மடங்கும். செயினின் ஒரு சுற்றுக்கு நான்கு மடிப்பு. 120 கண்ணிகளும் பின்பக்கம் 42 பற்களும் கொண்ட வண்டிக்குக் கணக்குப் போட்டேன்: ஒவ்வொரு மூட்டுக்கும் கிலோமீட்டருக்கு 700 மடிப்புக்கு மேல்!

எண்ணெய் வற்றினால் எஃகை எஃகு தேய்க்கும். உதிரும் நுண்துகள் ஆக்சிஜனோடு சேர்ந்து செந்தூளாகும். அது இரும்பு ஆக்சைடு. நம் செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பதும் அதுவே. கண் ஏமாறாமல் என்ன செய்யும்? நகைக்கு மெருகேற்றும் செம்பொடியும் இதே இனம். ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே அந்தச் செந்தூள் அகப்பட்டால் ஓயாமல் அரைக்கும். கழுவித் துடைத்த செயினோடு, மழையில்லாத நாளில் தார்ச்சாலையில் மட்டும் போய்வந்து பாருங்கள். மூட்டோரத்தில் மறுபடி சிவந்தால் ஆணி வறண்டிருக்கிறது.

"செயின் நீண்டுபோச்சு" என்கிறோமே, அங்கே எஃகு இழுபடுவதில்லை. ஒவ்வொரு மூட்டும் ஒரு தாளின் கனமளவு, 0.1 மி.மீ., தேய்ந்தால் போதும். 120 மூட்டும் சேர்ந்து 12 மி.மீ., ஏறக்குறைய ஒரு கண்ணி நீளம்!

ஓட்டிவந்த சூட்டோடு எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் அழுக்கை நீக்கி, துணியால் துடைக்க வேண்டும். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றியபடி, செயினின் உட்புறத்தில் தகடுகளின் இடுக்கில் கியர் ஆயில் விட வேண்டும். விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அந்த இடுக்கு தானே உள்ளிழுத்துக்கொள்ளும். ஓ-ரிங் செயினில் ரப்பர் வளையங்கள் கிரீஸை உள்ளே அடைத்து வைத்திருக்கும். அதைப் பெட்ரோலால் கழுவக் கூடாது. எந்தச் செயினானாலும், விட்ட எண்ணெயை இரவு ஊறவிட்டு, காலையில் மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்தெடுங்கள். அது மண்ணைத்தான் பிடிக்கும். பொழியூர்க் கடற்கரையில் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இதை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும்.