முதலில் வரிசை, பிறகு வண்டி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் என்றொரு ஊர். அங்கே ரூஜ் ஆற்றை ஒட்டியுள்ள ஃபோர்டு ஆலையில் எஃப்-150 பிக்அப் ட்ரக் தயாராகிறது. முழு வேகத்தில் ஓடும் நாளில் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு வண்டி லைனைவிட்டு இறங்கும். உயரத்தில் அமைந்த நடைபாதையிலிருந்து பொதுமக்கள் இதைப் பார்க்கலாம். பார்ப்பவர்களின் கண் பெரும்பாலும் முன்கண்ணாடி பொருத்தும் ரோபோவின் மேல்தான் நிற்கும். என்னை அதைவிட வியக்க வைப்பது வண்டிகள் வரும் வரிசை. வெள்ளை வண்டிக்குப் பின்னால் சிவப்பு, அதற்கும் பின்னால் நான்கு கதவு கேபின் கொண்ட ஒரு கறுப்பு வண்டி. பார்க்கக் கலைத்துப் போட்டதுபோல் இருக்கும். ஆனால் அதில் தற்செயலாக நேர்ந்தது எதுவுமில்லை.

நகரும் அசெம்பிளி லைனை ஹென்றி ஃபோர்டு 1913-இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் ஓடவிட்டபோது எதற்குப் பின்னால் எது வர வேண்டும் என்ற சிக்கல் பெரிதாக இருக்கவில்லை. ஒரு காரின் சேசிஸைக் கோக்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது, ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. ஆனால் லைனில் வந்த மாடல் டி கார்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே வார்ப்பு; 1914 முதல் பல ஆண்டுகள் நிறமும் கறுப்பு மட்டும்தான். ஆலையிலேயே பின்தொட்டி பொருத்திய ஃபோர்டு பிக்அப் 1925-இல் 281 டாலருக்கு வந்தது. இன்றைய எஃப்-150-க்கோ கேபினில் மூன்று வகை, தொட்டியில் மூன்று நீளம், பல எஞ்சின்கள், இருக்கையிலிருந்து இழுவைக் கொக்கி வரை எத்தனையோ விருப்பத் தேர்வுகள். அடுத்தடுத்து வரும் இரண்டு வண்டிகள் அச்சாக ஒன்றுபோல் இருப்பது அரிது.

வாங்குபவர் டீலரிடம் தனக்கு வேண்டியதைச் சொன்னதும் அந்த ஆர்டர் நேரே ஆலைக்குப் போய்விடாது. நிறுவனத்தின் ஆர்டர் தொகுப்பில் சேர்ந்து காத்திருக்கும். அதிலிருந்து எவற்றை எடுப்பது என்று வாராவாரம் முடிவாகிறது. முந்தி வந்தவருக்கு முதலிடம் என்ற விதி அங்கே இல்லை. டீலருக்கு எத்தனை வண்டி ஒதுக்கீடு, அந்த ஆர்டருக்கு டீலர் கொடுத்த முன்னுரிமை எண் என்ன, கேட்ட பாகங்கள் அந்த வாரம் கிடைக்குமா என்பதெல்லாம் கூடிவர வேண்டும். ஏதோ ஒரு பாகத்துக்குத் தட்டுப்பாடு என்றால் அதைக் கேட்டவர் காத்திருப்பார். அவருக்குப் பிறகு ஆர்டர் கொடுத்து அந்தப் பாகத்தைக் கேட்காதவர் முந்திக்கொள்வார்.

ஆர்டர் தேர்வானதும் வண்டிக்கு எழுத்தும் எண்ணும் கலந்த 17 இட அடையாள எண் ஒன்று கிடைக்கிறது. நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் நம்பர் என்று பார்ப்போமே, அதேதான். அதன் 11-ஆவது இடம் ஆலையைக் குறிக்கும்: டியர்பார்னுக்கு ‘எஃப்’, மிசூரி மாநிலத்து கான்சாஸ் சிட்டி ஆலைக்கு ‘கே’. அந்த வண்டிக்கென்று ஒரு தகடுகூட வெட்டப்படாத நாளிலேயே அதற்கு அடையாளம் வந்துவிடுகிறது.

கடினமான வேலை இதற்குப் பிறகுதான். அன்றைய வண்டிகளில் எது முன்னால், எது பின்னால்? லைனில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தன் வேலையை முடிக்க ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் உண்டு. சில வண்டிகளில் வேலை அதிகம், சிலவற்றில் குறைவு. கல்யாணப் பந்தியில் ஒருவர் மட்டும் மறுசோறு கேட்டால் பரிமாறுகிறவர் சமாளித்துவிடுவார்; வரிசையாக ஐந்து பேர் கேட்டால் கடைசி இலைக்காரர் காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஆகவே வேலை கனத்த வண்டிக்குப் பின்னால் எளிய வண்டி ஒன்றிரண்டு வர வேண்டும். ‘மேற்கூரைக் கண்ணாடி உள்ளவை ஐந்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம்’ என்பதுபோல ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விதி. பெயின்ட் பிரிவுக்கு இதற்கு நேர்மாறான ஆசை. நிறம் மாறும்போதெல்லாம் பெயின்ட் குழாயைக் கழுவ வேண்டும் என்பதால் ஒரே நிறம் தொடர்ந்து வருவதையே அவர்கள் விரும்புவார்கள். இந்த இழுபறியைத் தீர்க்கப் பல ஆலைகளில் பெயின்ட் முடிந்த கூடுகளை அடுக்கிவைத்து, லைனுக்கு வேண்டிய ஒழுங்கில் மீண்டும் எடுத்துத் தரும் கிடங்கு உண்டு.

60 வண்டிகளை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் என்று பெருக்கிப் பார்த்தால் 82 இலக்க எண் வரும். எல்லாவற்றையும் சோதித்துச் சிறந்ததைப் பொறுக்க எந்தக் கணினியாலும் முடியாது. 1980-களிலிருந்து கணினி ஆய்வாளர்கள் இந்தப் புதிருடன் மல்லுக்கட்டி வருகிறார்கள். 2005-இல் பிரான்ஸின் ரெனோ நிறுவனம் தன் ஆலைகளின் வரிசைச் சிக்கலை ஆய்வாளர்களுக்குப் போட்டியாகவே வைத்தது.

வரிசை முடிவானால் மற்றதெல்லாம் அதைப் பின்பற்றி ஓடும். கேபினும் தொட்டியும் அலுமினியம். 2015 மாடலிலிருந்து இப்படி. அலுமினியத்தை எஃகைப் போல எளிதாகப் புள்ளி வெல்டிங் செய்ய முடியாததால் ரிவெட்டும் பசையும் கொண்டு இணைக்கிறார்கள். பெயின்ட் முடிந்த கேபினின் கதவுகளைக் கழற்றித் தனி லைனுக்கு அனுப்பிவிடுவார்கள். உள்ளே நுழைந்து வயரிங், டாஷ்போர்டு, இருக்கை எல்லாம் பொருத்த அப்போதுதான் வழி தாராளமாக இருக்கும். கண்ணாடியும் கைப்பிடியும் பெற்ற கதவுகள் கடைசியில் அதே கேபினிடம் திரும்பி வர வேண்டும். இருக்கைகள் வெளியிலிருக்கும் சப்ளையரிடமிருந்து இதே வரிசையில் வருகின்றன. லாரியில் முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏறும். இன்னொரு பக்கம் எஃகுச் சட்டத்தின் மேல் அச்சு, ஸ்பிரிங், எஞ்சின், எரிபொருள் தொட்டி எல்லாம் ஏறுகின்றன. பிறகு கேபின் மேலிருந்து சட்டத்தின் மீது இறங்கும், பின்தொட்டியும் வந்து அமரும். ஒவ்வொன்றும் தன் ஜோடியைத் தேடுவதில்லை. வரிசை பிசகாததால் ஜோடி தானே எதிரில் வந்து நிற்கிறது.

அந்த வரிசைக்கு வேண்டிய ஒரு பாகம் வராமல் போனால் என்ன ஆகும் என்பதை 2018 மே மாதம் காட்டியது. மே 2 அன்று மிச்சிகனின் ஈட்டன் ராபிட்ஸ் நகரில் மெரிடியன் மக்னீசியம் ஆலையில் தீப்பிடித்தது. எஃப்-150-இன் முன்பக்கத்தில் ரேடியேட்டரைத் தாங்கும் மக்னீசியப் பாகம் அங்கேதான் வார்க்கப்பட்டது. சில நாட்களில் கான்சாஸ் சிட்டி, டியர்பார்ன் இரண்டு ஆலைகளிலும் ட்ரக் லைன் நின்றது. சிதைந்த கட்டடத்திலிருந்து 19 வார்ப்பு அச்சுகளை மீட்டெடுத்தார்கள். 87,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 39 டன், எடையை அன்டோனோவ் சரக்கு விமானத்தில் ஏற்றி ஓஹையோவின் கொலம்பஸிலிருந்து இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமுக்குக் கொண்டுபோனார்கள். மொத்தப் பயணமும் ஏறக்குறைய 30 மணி நேரம். இறக்குமதி அனுமதி கிடைத்தபோது விமானம் வானில் இருந்தது. தரையிறங்க இரண்டே மணி நேரம் பாக்கி. அங்கே வார்த்த பாகங்கள் விமானத்திலேயே திரும்பி வந்தன. மே 18 அன்று டியர்பார்ன் லைன் மீண்டும் நகர்ந்தது. கப்பலில் அனுப்பும் செலவோடு ஒப்பிட்டால் இது பெருஞ்செலவு. நின்றுபோன லைனின் நட்டம் அதைவிடப் பெரிது என்று கணக்கிட்டிருக்கிறார்கள், சரியாகவே.

ஆனால் எல்லாப் பாகத்துக்காகவும் லைன் நிற்பதில்லை. 2021, 2022 ஆண்டுகளில் சிப் கிடைக்காதபோது ஃபோர்டு மற்றதெல்லாம் பொருத்தி வண்டிகளை ஓட்டிப்போய் மைதானங்களில் நிறுத்திவைத்தது. 2022-இல் முகப்பில் பதிக்கும் நீல நிறப் பெயர்ச்சின்னத்துக்கே தட்டுப்பாடு வந்து சில ட்ரக்குகள் காத்திருந்தன. பின்னால் வந்து மாட்டக்கூடிய பாகம் என்றால் வண்டி காத்திருக்கும், லைன் ஓடும். உள்ளே புதைந்து மற்றவற்றைத் தாங்கும் பாகம் என்றால் லைனே காத்திருக்கும்.

லைன் முடிவில் எண்ணெயும் குளிர்நீரும் நிரப்பி எஞ்சினை முதன்முதலாக உயிர்ப்பிக்கிறார்கள். சக்கரங்களின் கோணம், ஹெட்லைட்டின் திசை, பிரேக், நீர்க்கசிவு எல்லாம் சோதனையாகின்றன. தேறிய வண்டி அன்றைக்கே டீலரிடம் கிளம்பிவிடாது. அதே ஊர்ப் பக்கம் போகிற வண்டிகள் ரயில் பெட்டி நிரம்பும் அளவுக்குச் சேர வேண்டும். ஆலைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்த இரண்டு ட்ரக்குகளில் பிந்தியது முந்திப் போய்ச் சேருவதும், தயாரான தேதி தெரிந்தும் டெலிவரித் தேதியை டீலரால் உறுதியாகச் சொல்ல முடியாமல் போவதும் இதனால்தான்.