உங்களுக்குத் தெரியுமா? மலையேறிய பண்ணைப்புரத்துப் பாட்டு

அமெரிக்கப் பருத்திக் காடுகளில் கறுப்பினத் தொழிலாளர்கள் பாடிய பாட்டில் வேர்விட்டது புளூஸ் இசை. உழைப்பவர் பாட்டுக்குத் தேனி மாவட்டத்திலும் பெரும் வரலாறு உண்டு.

● 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடினார் தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன். கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார்.

● பாவலரின் தம்பிகள் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் மூவரும் அண்ணனின் குழுவோடு ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்தவர்கள்.

● 1968இல் பிள்ளைகள் சென்னைக்குப் புறப்பட்டபோது, தாய் சின்னத்தாய் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தனுப்பினார்.

● 1976இல் இளையராஜா இசையமைத்த முதல் படம் ‘அன்னக்கிளி’ வந்தது. 2025 மார்ச் 8இல் லண்டனில் அவரது சிம்பொனி அரங்கேறியது.

இசைஞானி இளையராஜாவைக் கொண்டாடும் நாம், அவருக்கு முதல் மேடை தந்த பாவலரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.