பட்டுக் கரைக்கு ஒரு பைத்தான் புரோகிராம்

காஞ்சிபுரம் பட்டுப் புடவையின் கரையில் எதிரெதிரே நிற்கும் அன்னங்களை உற்றுப் பாருங்கள். மானிட்டரில் தெரியும் படத்தைப் போலவே அதுவும் கட்டம் கட்டமாக உருவானதுதான். டிசைனை முதலில் கிராஃப் தாளில் வரைகிறார்கள். தாளின் ஒவ்வொரு நெடுவரிசையும் ஜக்கார்டு பெட்டியின் ஒரு கொக்கி. ஒவ்வொரு குறுக்கு வரிசையும் ஒரு பஞ்ச் அட்டை. அட்டையில் ஓட்டை இருந்தால் பாவு இழை மேலே எழும், இல்லாவிட்டால் எழாது.

ஃபோட்டோஷாப் போதாதா?

வரையலாம். ஆனால் படத்தின் அளவை மாற்றும்போது, ஓரங்கள் மென்மையாகத் தெரிய வழக்கமாக இடைநிறங்கள் சேர்க்கப்படும். தறியில் 'பாதி எழுந்த இழை' என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு ஓரத்தையும் மறுபடி கையால் திருத்த வேண்டியிருக்கும்.

படமே ஒரு ஃபங்ஷன்

இதற்கு வேறொரு வழி உண்டு. 1982-ல் பீட்டர் ஹெண்டர்சன் என்ற கணினி அறிஞர், டச்சு ஓவியர் எஷரின் மீன் ஓவியத்தைப் புள்ளிகளாக அல்லாமல் ஃபங்ஷன்களாகவே எழுதிக் காட்டினார். ஒரு ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷனுக்கு உள்ளீடாகக் கொடுக்கும் இந்த வசதிக்கு 'ஹையர் ஆர்டர் ஃபங்ஷன்' என்று பெயர்.

நம் கரைக்கு இதைப் பயன்படுத்துவோம். 2008-ல் வெளியான பைத்தான் 3 முதல், ஃபங்ஷன்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'அன்னம்' என்ற ஃபங்ஷனிடம் வரிசை எண்ணையும் கொக்கி எண்ணையும் கொடுத்தால், இழை எழ வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் பதில் சொல்லும். பிறகு ஒரே வரி:

ஜோடி = பக்கம்(அன்னம், கண்ணாடி(அன்னம்))

அன்னம் 120 கொக்கி என்றால் ஜோடி 240. அன்னத்துக்குப் பதில் மயில் வேண்டுமா? மயிலுக்கு ஒரு ஃபங்ஷன் எழுதிவிட்டு, இந்த வரியில் பெயரை மாற்றினால் போதும். கோபுரக் கரை இன்னும் சுலபம். வரிசைக்கு வரிசை கட்டங்கள் குறையும் விதியை எழுதிவிட்டால், கோபுரம்(24), கோபுரம்(40) என எந்த அளவிலும் ஓரம் சிதையாமல் வரும்.

வரிசைக்கு ஒரு அட்டை

புடவை நீளம் முழுக்க ஆயிரக்கணக்கான ஊடை இழைகள். அத்தனையையும் மெமரியில் ஏற்றத் தேவையில்லை. 2001-ல் பைத்தானுக்கு வந்த 'ஜெனரேட்டர்', கேட்கும்போது ஒரு வரிசையை மட்டும் தரும். தறி அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வதைப் போலத்தான்.

நெய்வதற்கு முன் சோதனை

முக்கியமான பயன் இதுதான். ஓர் இழை பல கட்டங்களுக்குப் பிணைப்பில்லாமல் ஓடினால் வளையலிலும் மோதிரத்திலும் சிக்கி இழுபடும். இந்தத் தவறைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். எந்த டிசைனையும் அதற்குக் கொடுக்கலாம். பட்டும் சரிகையும் வீணாகும் முன், திரையிலேயே தவறு தெரிந்துவிடும்.

புரோகிராம் எழுத விருப்பமில்லாதவர்கள், டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கிய 'டிஜிபுனாய்' என்ற ஓப்பன் சோர்ஸ் நெசவு டிசைன் சாஃப்ட்வேரை முயன்று பார்க்கலாம். எழுதத் துணிந்தவர்கள் கோபுரத்தில் தொடங்குங்கள். ஒரு லூப் போதும்!