உள்ளங்கை அகலத்தில் ஒரு தோட்டம்

உடல்நலமும் ஓய்வு நேரமும் இறைவன் வழங்கிய இரு பெரும் அருட்கொடைகள். ஆயினும் அவ்விரண்டின் விஷயத்திலும் மக்களில் பெரும்பாலோர் இழப்புக்கே ஆளாகின்றனர் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கை. மதரஸாவிலும் மீலாது மேடையிலும் இதனை நாம் பலமுறை செவியுற்றிருக்கிறோம். ஆனால் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே கிடைக்கும் சிறு பொழுது எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கணக்குப் பார்த்திருக்கிறோம்? தொலைக்காட்சியும் கைப்பேசியும் அதனை விழுங்கிவிடுகின்றன. விழுங்கப்பட்டது நமக்குத் தெரிவதுகூட இல்லை.

அத்தகைய சிறு பொழுதுகளைச் சேர்த்து, அழியவிருந்த ஒரு கலையைக் காப்பாற்றிய மனிதர்கள் நம் சமுதாயத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு அன்று, பொழுதுபோக்கு. அந்தக் கலையின் பெயர் சிற்றோவியம். ஆங்கிலம் படித்தோர் ‘மினியேச்சர்’ என்பர்.

ஏட்டுக்குள் ஒரு கலை

சுவரை அலங்கரிக்கப் பிறந்ததன்று சிற்றோவியம். புத்தகத்தின் ஏட்டுக்குள் பிறந்தது. ஹிராத், தப்ரீஸ், இஸ்தான்புல், ஆக்ரா ஆகிய நகரங்களின் அரசவைகளில் ஓவியர்கள் கூட்டாக அமர்ந்து பணிபுரியும் கூடங்கள் இருந்தன. ஒருவர் கோடு வரைவார்; ஒருவர் வண்ணம் தீட்டுவார்; இன்னொருவர் பொன் பூசுவார். வரலாற்று நூல்களுக்கும் காவியங்களுக்கும் காட்சிகள் தீட்டுவது அக்கலையின் ஒரு கிளை. மற்றொரு கிளை ‘தத்ஹீப்’. தஹப் என்னும் அரபுச் சொல்லுக்குப் பொன் என்பது பொருள். திருக்குர்ஆன் பிரதிகளின் முதல் ஏடுகளிலும், சூராக்களின் தலைப்பிலும், ஓரங்களிலும் பொன்னாலும் நீலத்தாலும் பூவேலை செய்யும் கலை அது. அங்கே கொடியும் இலையும் பூவும் வடிவக் கணிதமும் உண்டு. உயிருள்ள எதன் உருவமும் இல்லை.

இக்கலைஞர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்பதைக் காட்டும் அரிய ஆவணம் ஒன்று இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் பாதுகாக்கப்பட்டுள்ளது. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தைமூரின் பேரரான இளவரசர் பைசுங்குருக்கு, அவருடைய ஹிராத் நூற்கூடத்தின் தலைவர் ஜஃபர் எழுதி அனுப்பிய அறிக்கை அது. எந்த வேலை எந்த நிலையில் நிற்கிறது என்பதை அவர் ஒவ்வொன்றாகத் தெரிவிக்கிறார். ஒருவர் கடற்காட்சியில் அலைகளை முடித்துவிட்டார், இனி வண்ணம் தொடங்குவார். மற்றொருவர் ஒரு நூலின் முகப்பு அலங்காரத்தை வரைந்துகொண்டிருக்கிறார், ஆனால் சில நாட்களாக அவருக்குக் கண்வலி. இப்படியே அறிக்கை தொடர்கிறது. ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்னரும் இது கண்ணை வாட்டும் வேலையாகவும், பாதியில் நிற்கும் வேலையாகவுமே இருந்திருக்கிறது!

போர்வீரர் தீட்டிய ஊர்கள்

வாசகர்களே, நீங்கள் அறிய வேண்டிய மற்றொருவர் மத்ராக்சி நஸூஹ். பாஸ்னியாப் பகுதியைச் சேர்ந்த இவர், சுல்தான் சுலைமானின் காலத்தில் வாழ்ந்து 1564இல் மறைந்தார். கணித நூல் எழுதியவர்; வரலாற்றாசிரியர்; வாள் வித்தையில் வல்லவர். ‘மத்ராக்’ என்னும் கம்பு விளையாட்டில் பெற்ற தேர்ச்சியால்தான் அவருக்கு அப்பெயரே அமைந்தது. இத்தனை பணிகளுக்கிடையே அவர் தூரிகையும் ஏந்தினார்.

சுல்தானின் இராக் படையெடுப்பை விவரித்து 1537ஆம் ஆண்டையொட்டி அவர் உருவாக்கிய நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் உள்ளன. இஸ்தான்புல்லும் தப்ரீஸும் ஹலபும் பக்தாதும் அவற்றில் காட்சி தருகின்றன. பள்ளிவாசல்களின் குவிமாடங்களும் மனாராக்களும், ஆறுகளும் பாலங்களும், தோட்டங்களும் மலைகளும் நுணுக்கமாகத் தீட்டப்பட்டுள்ளன. ஆனால் எந்த ஊரிலும் மனிதர் நடமாட்டம் இல்லை. ஒரு பெரும் படையின் பயணத்தைச் சொல்ல வந்த நூலில் படைவீரர் ஒருவரையும் காட்டாமல் ஊர்களை மட்டும் காட்டியவர் அவர். மனித உருவம் இல்லாமலே ஓர் ஓவியம் நிறைவு பெற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மருத்துவரும் இமாமும்

1928இல் துருக்கிக் குடியரசு அரபு எழுத்தைக் கைவிட்டு லத்தீன் எழுத்தை ஏற்றது. கையெழுத்துச் சுவடிகளை நம்பி வாழ்ந்த கலைகள் அனைத்தும் ஒரே அடியில் ஆதரவிழந்தன. எழுதுவதற்கு நூல் இல்லை எனில் பொன் பூசுவதற்கு ஏடு ஏது? பொருள் கொடுத்து வேலை வாங்கிய அரசவையும் அதற்கு முன்பே மறைந்திருந்தது. ஊதியம் நின்றவுடன் கலையும் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஊதியத்துக்காக அதைச் செய்யாதவர்கள் சிலர் இருந்தனர்.

அவர்களுள் ஒருவர் டாக்டர் சுஹைல் உன்வர். 1898இல் பிறந்து 1986இல் மறைந்த இவர் தொழிலால் மருத்துவர். இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் 1933இல் மருத்துவ வரலாற்றுத் துறையை நிறுவியவர். இளமையில் மருத்துவம் கற்றபோதே எழுத்தணிக் கலைஞர்களின் மதரஸாவில் பொன்வேலையும் பயின்றார். மருத்துவப் பயிற்சிக்காகப் பாரிஸ் சென்றிருந்த காலத்திலும் அங்குள்ள தேசிய நூலகத்தில் கீழ்த்திசைச் சுவடிகளின் ஓவியங்களை ஆராய்ந்து வந்தார். செல்லுமிடமெல்லாம் ஒரு குறிப்பேட்டை எடுத்துச் சென்று, கண்ட பூவேலையையும் கட்டடத்தையும் கல்லறைக் கல்லையும் அதில் வரைந்துகொண்டார். அத்தகைய குறிப்பேடுகள் நூற்றுக்கணக்கில் இன்று சுலைமானிய்யா நூலகத்தில் உள்ளன. மருத்துவ மாணவர்களுக்கிடையேயும் பொதுமக்களுக்கிடையேயும் இக்கலையைக் கற்பித்து ஒரு தலைமுறையையே அவர் உருவாக்கினார்.

அவருக்கு ‘எப்ரு’ கலையைக் கற்பித்தவர் நஜ்முத்தீன் ஒக்யாய். நீரின் மேல் வண்ணம் தூவித் தாளில் ஒற்றியெடுக்கும் கலை அது. ஒக்யாய் உஸ்குதார் பகுதியின் பெரிய பள்ளிவாசல் ஒன்றில் இமாமாகப் பணியாற்றியவர். அழகெழுத்து, புத்தகக் கட்டுமானம், வில்வித்தை ஆகியவற்றில் வல்லவர். விதவிதமான ரோஜாக்களை வளர்ப்பதில் பெயர் பெற்றவர். ஐவேளைத் தொழுகையை நடத்தியவருக்கு இவ்வளவுக்கும் நேரம் எங்கே கிடைத்தது என்று வியப்போம். தொழுகை நேரங்கள்தாம் அவருடைய நாளுக்குக் கட்டுக்கோப்பை அளித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சகோதரிகள் நினைவில் கொள்ள வேண்டிய பெயர் ரிக்கத் குன்த் அம்மையார். முப்பது வயதைக் கடந்த பின்னரே இஸ்தான்புல் கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்து பொன்வேலை பயின்ற அவர், பின்னர் அங்கேயே ஆசிரியையாகிப் பலரை உருவாக்கினார். ‘இனிமேல் நமக்கென்ன’ என்று சொல்லும் வயது எது என்பதை நாம்தாம் தீர்மானித்துக் கொள்கிறோம்!

மேசையின் மீது என்ன நடக்கிறது?

இன்றைக்கு இக்கலையை ஓய்வு நேரத்தில் பயில்வோர் இல்லத்தில் பெரிய ஏற்பாடு எதையும் காண முடியாது. ஜன்னலோரம் ஒரு மேசை, சில பீங்கான் கிண்ணங்கள், மிக நுண்ணிய தூரிகைகள், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, அவ்வளவே.

முதல் வேலை தாளைப் பக்குவப்படுத்துவது. தேயிலைச் சாறு போன்றவற்றால் தாளுக்கு மென்னிறம் ஏற்றி, படிகாரம் சேர்த்து அடித்த முட்டை வெள்ளைக்கருவைப் பூசி உலர்த்துவார்கள். பின்னர் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றி, மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். தாள் முதிர்ந்தால்தான் வண்ணத்தை உறிஞ்சாது. பிழை நேர்ந்தால் ஈரத்தூரிகையால் துடைத்தெடுக்கவும் முடியும்.

அடுத்து, வரைந்த கோலத்தைத் தாளுக்கு மாற்ற வேண்டும். கோடுகளின் வழியே ஊசியால் நுண்துளையிட்டு, கரித்தூளைத் துணியில் கட்டித் தட்டுவது பழைய முறை. புடவையில் எம்பிராய்டரி போடும் நம் சகோதரிகளுக்கு இது புதிதன்று.

பிறகு பொன். தங்க ரேக்கைக் கருவேலம்பிசினோடு கிண்ணத்தில் இட்டு விரலால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத துகளானதும் நீரில் கழுவிப் படியவிட்டால் அடியில் தங்குவது பொன் மை. பூசி உலர்ந்தபின் மங்கலாகவே இருக்கும் அது, மோதிரத்தில் பதிப்போமே, அந்த அகீக் கல்லால் தேய்த்த பின்னரே ஒளிவிடும். அதன்பின் முடியிழை போன்ற கோட்டால் ஒவ்வோர் இலையின் விளிம்பையும் வரைய வேண்டும். இதற்கு ஒரே மூச்சில் இழுக்கும் கை வேண்டும். கோபத்தோடு அமர்ந்தவனுக்கு அந்தக் கோடு வராது. இறுதியாக வண்ணங்கள், அடுக்கடுக்காக. ஓர் உள்ளங்கை அகலப் படத்துக்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

முடியாத வேலைகள்

எனவே இவர்களிடம் முடிந்த படங்களைவிட முடியாத படங்களே அதிகம். ஒரு தாள் முதிர்வதற்காகக் காத்திருக்கும். ஒன்றில் பொன் மட்டும் பூசியிருக்கும். ஒன்று கோட்டோடு நின்றிருக்கும். பார்ப்பவர் ‘எப்போது முடிப்பீர்கள்?’ என்று கேட்பார். கேள்வியில் தவறில்லை, ஆனால் அது சந்தையின் கேள்வி. ஒரு நாளைக்கு ஓர் இலை என்று வைத்துக்கொண்டவருக்கு, இன்றைய இலை ஒழுங்காக வந்ததா என்பதே கேள்வி. சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்று நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. வணக்கத்துக்குச் சொல்லப்பட்ட அந்தப் பாடம் கைவேலைக்கும் ஒழுங்கைத் தருகிறது.

கூடிக் கற்பது

தனிமையில் செய்யும் இக்கலை கூட்டத்தில்தான் வளர்கிறது. இஸ்தான்புல் மாநகராட்சி 1996இல் தொடங்கிய பயிற்சி வகுப்புகளில் இல்லத்தரசிகளும் அலுவலர்களும் ஓய்வு பெற்றோரும் பொன்வேலையும் சிற்றோவியமும் கற்று வந்திருக்கின்றனர். லண்டனில் 2004இல் நிறுவப்பட்ட மரபுக் கலைப் பள்ளியில் குறுகியகால வகுப்புகளும் உண்டு. நம் உறவினர் பலர் பணிபுரியும் சார்ஜாவில் 1998 முதல் இஸ்லாமியக் கலை விழா நடைபெற்று வருகிறது. அங்கே எழுத்தணிக் கலைக்கென்றே தனி அருங்காட்சியகமும் இருக்கிறது. விடுமுறை நாளில் கடைவீதிக்குச் செல்லும் நம் குடும்பங்கள் ஒருமுறை அங்கும் சென்று வரலாம்.

இத்தகைய கூட்டங்களுக்கு முடிந்த படத்தைக் கொண்டு செல்பவர் பாராட்டைப் பெற்றுத் திரும்புவார்; முடியாத படத்தைக் கொண்டு செல்பவரோ பாடத்தைப் பெற்றுத் திரும்புவார். உஸ்தாதின் கை ஒரு கோட்டைத் திருத்துவதைப் பார்ப்பது பத்துப் புத்தகங்களுக்குச் சமம். 2020இல் யுனெஸ்கோ நிறுவனம் சிற்றோவியக் கலையையும், 2023இல் பொன்வேலைக் கலையையும் மானுடத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. துருக்கி, ஈரான், உஸ்பெகிஸ்தான், அஜர்பைஜான் ஆகிய நாடுகள் இரண்டுக்கும், தஜிகிஸ்தான் இரண்டாவதற்கும் உரிமை பாராட்டின.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இங்கே உங்கள் உள்ளத்தில் எழும் கேள்வியை மூடி மறைப்பது முறையன்று. உருவம் வரைதல் கூடுமா? முஸ்லிம் அரசவைகளில் மனித உருவங்கள் ஏராளமாகத் தீட்டப்பட்டன என்பது வரலாறு. ஆனால் அரசர்கள் செய்தது மார்க்கத்துக்கு ஆதாரம் ஆகாது. உயிருள்ளவற்றை வரைவதை ஹதீஸ்கள் கடுமையாகக் கண்டித்துள்ளன. இமாம்களில் பெரும்பாலோர் அதனைத் தடுத்துள்ளனர். அதே வேளையில், உருவம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு அவர்கள் வழிகாட்டியதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது.

கவனியுங்கள்! அந்த மனிதருடைய கையின் திறமையை அவர்கள் முடக்கவில்லை, திசை திருப்பினார்கள். வீட்டில் ஒரு பிள்ளை சதா எதையாவது வரைந்துகொண்டிருந்தால் நாம் செய்வது என்ன? ‘ஹராம்’ என்ற ஒற்றைச் சொல்லால் பென்சிலைப் பிடுங்கிவிடுகிறோம். அல்லது எதை வேண்டுமானாலும் வரையட்டும் என்று கண்டுகொள்ளாமல் விடுகிறோம். மூன்றாவது வழி ஒன்று உண்டு. நஸூஹின் ஊர்களையும், திருக்குர்ஆன் ஓரங்களின் கொடிகளையும் அப்பிள்ளைக்குக் காட்டலாம். ஐயம் எழும் இடங்களில் ஊரிலுள்ள ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம்.

தொடங்குவது எப்படி?

தொடக்கத்திலேயே தங்கம் வாங்கி வீண்விரயம் செய்ய வேண்டா. சாதாரணத் தாள், கூர்மையான பென்சில், ஒரு மெல்லிய தூரிகை, நீர்வண்ணப் பெட்டி ஆகியவை போதும்; பொன்னுக்குப் பதில் மஞ்சள். ஒரு மாதம் ஒரே இலையை வரையுங்கள். அடுத்த மாதம் ஒரு பூ. பகல் வெளிச்சத்தில் அமருங்கள். அரை மணிக்கொருமுறை கண்ணைத் தூரத்துப் பசுமைக்குத் திருப்புங்கள். பாங்கொலி கேட்டால் தூரிகையைக் கழுவி வைத்துவிடுங்கள். கோடு பாதியில் நின்றால் நிற்கட்டும். தொழுகைக்குத் தடையாகும் எந்தக் கலையும் நமக்குக் கலை அன்று, இழப்பே.

அடுக்களை வேலை முடித்து அமரும் தாய்க்கும், பணி ஓய்வு பெற்று வெறுமையில் தவிக்கும் தந்தைக்கும், தேர்வு முடிந்த பிள்ளைக்கும் ஒரே மேசை போதும். மூவரும் ஒரு தாளில் ஒரு கொடியை வளர்க்கலாம். அந்தத் தாள் என்றேனும் முடியலாம்; முடியாமலும் போகலாம். அந்த மாலைப் பொழுதுகள் வீணாகவில்லை என்பது மட்டும் உறுதி. இன்ஷா அல்லாஹ், அடுத்த விடுமுறைக்குக் காத்திராமல் இன்று அஸருக்குப் பின்னரே தொடங்குங்கள்.